ஊரும் ஆறும் வேற வேற இல்லை! பிரித்தாளப் பார்க்காதே!

  

பாலாற்றுத் தண்ணியைப் பத்தி நாம வாயைத் திறந்தாலே ஒரு கேள்வியைத் தூக்கி எதிரே போடுறாங்க. "டேனரியை மூடிட்டா தொழிலாளி குடும்பம் சோத்துக்கு என்ன பண்ணும்?" அதாவது விவசாயி ஒரு பக்கம், தொழிலாளி ஒரு பக்கம், கிராமம் ஒரு பக்கம், டவுன் ஒரு பக்கம். நாம நமக்குள்ள மல்லுக்கு நின்னா லாபம் யாருக்கு? இந்தப் பேச்சு எவ்வளவு பெரிய பொய்னு தெரிய, நம்ம ஊர் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தாலே போதும்.

வாணியம்பாடியில் தோல் தொழில் ஏன் வந்தது? ஆறு இருந்ததால வந்தது. வருசத்துல பாதி நாள் மேலே மணலாத் தெரிஞ்சாலும், பாலாறு அடியில ஓடுற ஆறு. மணலைத் தோண்டி ஊற்றுக்கால் வெட்டி நம்ம பாட்டன்மார் நெல் விளைவிச்சாங்க. அதே ஊற்றுத் தண்ணியிலதான் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதனிட்டாங்க. ரயில் பாதை வந்ததும் இந்தத் தோல் சென்னைத் துறைமுகம் போய் சீமைக்குக் கப்பலேறியது. அந்த வியாபாரத்தால வளர்ந்த ஊரில்தான் 1919-ல் இஸ்லாமியா கல்லூரி வந்தது. சுத்துப்பட்டு கிராமத்துப் பிள்ளைகளும் அங்கே படிச்சுத்தான் ஆளானாங்க. தேங்காய் விக்க நாம டவுனுக்குப் போனோம்; டவுன்காரங்க அரிசிக்கும் காய்கறிக்கும் நம்மை நம்பி இருந்தாங்க. 1903 நவம்பர் மாதம் மைசூர்ப் பக்கத்து ஏரிகள் உடைஞ்சு பாலாற்றில் பெருவெள்ளம் வந்தப்போ, டவுனில் ஏறத்தாழ 200 பேர் செத்தாங்க. அந்த நினைவுத்தூண் இன்னும் ஊருக்குள்ள நிக்குது. வாழ்ந்தாலும் செத்தாலும் ஊரும் ஆறும் சேர்ந்தேதான் இருந்திருக்கு.

அப்புறம் எங்கே கெட்டது? அரைகுறையாப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய 1973-ல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது. முழுசா முடிச்ச தோலாவும் செருப்பு, ஷூவாவும் அனுப்பினாத்தான் அந்நியச் செலாவணி கூடும்னு கணக்குப் போட்டாங்க. பட்டை போய் குரோமியம் வந்தது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணி. தோல் கெடாம இருக்கப் போட்ட உப்பு அத்தனையும் கழுவின தண்ணியோட ஓடைக்கும் ஏரிக்கும் வந்தது. செலாவணி டெல்லிக்குப் போச்சு, லாபம் முதலாளி பெட்டிக்குப் போச்சு, உப்பு மட்டும் நம்ம கிணத்துக்கு வந்தது! சாதாரண சுத்திகரிப்பு நிலையம் கரைஞ்ச உப்பைப் பிரிக்காது. அதுக்கு ஆர்.ஓ. வேணும். ஆர்.ஓ. வச்சாலும் பிரிச்செடுத்த உப்பை எங்கே கொட்டுறதுங்கிற கேள்வி நிக்குது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழ்பட்டதாக அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொல்லுது. கெடுத்தவனே பணம் கட்டணும்ங்கிறது நாட்டின் சட்டம்னு நம்ம பாலாற்று வழக்கின் தீர்ப்பு சொல்லுது. அதன்படி அமைக்கப்பட்ட ஆணையம் 2001-ல் என்ன கொடுக்கச் சொன்னது தெரியுமா? 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம். தலைக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட இல்லை. 1991 ஆகஸ்டிலிருந்து 1998 டிசம்பர் வரைக்கும் உண்டான நஷ்டத்துக்கு இது. மாசக் கணக்குப் போட்டா நூறு ரூபாய்ச் சொச்சம்! செத்துப்போன நிலத்துக்கு மாசம் நூறு ரூபாய் வாடகையா? 1998-க்கு அப்புறம் மட்டும் கிணறு இனிச்சுதா?

2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஓங்கிச் சொல்லியிருக்கு: விடுபட்டவங்களுக்கு 6 வாரத்தில் அரசு இழப்பீடு கொடுக்கணும், அதைக் கெடுத்தவங்ககிட்ட வசூல் பண்ணிக்கணும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கமிட்டி போடணும். தீர்ப்பு நம்ம பக்கம்தான். ஆனா தீர்ப்பு தானா நடந்து ஊருக்குள்ள வராது. 1996 தீர்ப்பு நமக்குக் கத்துக்கொடுத்த பாடம் இது.

தொழிலாளத் தோழர்களே! கழிவுத் தண்ணி முதல்ல தொடுறது உங்க காலைத்தான். 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைஞ்சு, தூங்கிக்கிட்டிருந்த 10 தொழிலாளிகள் செத்தாங்களே, அவங்களைக் கொன்னது விவசாயி கோரிக்கையா? நிலம் விளையாமப் போனதாலதானே நம்ம வீட்டுப் பொம்பளைங்க விடிகாலையில கம்பெனி பஸ் ஏறி ஷூ கம்பெனிக்குப் போறாங்க? ஒரே வீட்டுல புருசன் விவசாயி, பொண்டாட்டி தொழிலாளி. இதுல யாரை யாரோட மோத விடப் பார்க்கிறாங்க?

நாங்க தொழிலை மூடச் சொல்லலை. கெடுத்ததுக்குக் கூலி கொடு, இனிமே கெடுக்காதே என்கிறோம். அரசே!

* இழப்பீடு பெற்றவர், பெறாதவர் பட்டியலை ஊராட்சி வாரியாக வெளியிடு!
* 1998-க்குப் பிந்தைய பாதிப்பையும் கணக்கெடு! குத்தகை விவசாயியையும் விவசாயக் கூலியையும் சேர்!
* குவிந்து கிடக்கும் உப்பையும் குரோமியக் கழிவையும் முதலாளி செலவில் அகற்று!
* கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, முடிவைக் கிராம சபையில் வாசி!

கிணத்துத் தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு, சிட்டா அடங்கல் நகலோட கிராம சபைக்கு வாங்க. இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்ற வைப்போம்!

பாலாறு காப்போம்! விவசாயி தொழிலாளி ஒற்றுமை ஓங்குக!