ஓநாய் வாழட்டும், ஆனால் வேலிக்கு யார் பொறுப்பு?

ஆர்க்டிக் பனியில் பசியோடு அலையும் ஓநாய்க் கூட்டத்தைத் திரையில் பார்த்து நாங்கள் கலங்குகிறோம். அதே போராட்டம் ஸ்டுட்கார்ட்டிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மணிநேரத் தூரத்தில், கறுப்புக் காட்டிலும் நடக்கிறது.

வூர்ட்டம்பேர்க்கின் கடைசி ஓநாய் 1847இல் சுடப்பட்டது. ஜேர்மனி முழுவதும் அழிந்த ஓநாய் போலந்துப் பக்கமிருந்து தானாக நடந்து வந்து, 2000இல் சக்சனியில் குட்டி போட்டது. 2024இல் நாட்டில் 200க்கும் மேற்பட்ட கூட்டங்கள் இருந்தன. ஆனால் கறுப்புக் காட்டில் தங்கியவை பெரும்பாலும் தனி ஆண் ஓநாய்கள். துணை கிடைத்தால்தான் கூட்டம் உருவாகும்.

2018 ஏப்ரலில் பாட் வில்ட்பாட் அருகே 40க்கும் மேற்பட்ட செம்மறி ஆடுகள் செத்தன. அந்த மேய்ப்பரின் கோபம் நியாயமானது. 2025இல் ஐரோப்பிய ஒன்றியம் ஓநாய்க்கான பாதுகாப்பைத் தளர்த்தியதற்குப் பின்னால் அப்படிப்பட்ட கோபங்களும் உண்டு.

ஆனால் ஒன்றைச் சுட்டால் இன்னொன்று நடந்து வரும். வேலியில்லாத ஆடு அதற்கும் இரைதான். ஆட்டைக் காப்பது மின்வேலியும் காவல் நாயும். மாநில அரசு இவற்றுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. என்றாலும் புல் வளர்ந்து கம்பியில் பட்டால் மின்சாரம் பலவீனமாகும். மலைச்சரிவில் அந்தப் புல்லை வெட்டுவது மேய்ப்பர்தான், நாங்கள் அல்ல.

ஓநாய் வாழ வேண்டும் என்பதே என் கருத்து. நகரத்தில் இருந்து அப்படிச் சொல்பவர்கள், அந்த உழைப்புக்கும் எங்கள் வரிப்பணம் போகட்டும் என்று சேர்த்துச் சொல்லவேண்டும்.