5 வெள்ளி வைத்தியமும் 65 வெள்ளிச் சம்பளமும்



உளி பிடித்த கை நடுங்கினால் மரத்தில் காயம் விழும். மரத்தில் காயம் விழுந்தால் மண்டோரிடம் ஏச்சு விழும். பால்வெட்டுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த கணக்கு இது. ஆனால் அந்தக் கை ஏன் நடுங்குகிறது என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

நாம் சங்க வேலையாக அடிக்கடி போய்வரும் ஒரு தோட்டத்தில் ஓர் அக்காள் இருக்கிறார். இருபது வருஷமாகப் பால் வெட்டுகிறவர். பட்டையைக் காகிதம் போலச் சீவுகிற கை அவருக்கு. அப்படிப்பட்ட கையிலிருந்து மரத்துக்கு மரம் காயம் விழ ஆரம்பித்தது. "ராத்திரி தூங்கறதில்லையா?" என்று மண்டோர் கேட்டார். அது உண்மைதான், தூக்கமே இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விடியற்காலைக் குளிரிலும் வேர்த்துக் கொட்டியது. முன்னைவிட இரண்டு பங்கு சோறு சாப்பிட்டார். உடம்போ நாளுக்கு நாள் கரைந்தது. எடுத்ததற்கெல்லாம் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தார்.

லயத்தில் ஆளுக்கு ஒரு பேச்சு. ஒருவர் கண்ணூறு என்றார். ஒருவர் இனிப்பு நீர் என்றார். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி டானிக் பாட்டிலை வாங்கிக் கொடுத்தார் மற்றொருவர். கோயிலில் மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. கடைசியில் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு தாதி அவர் கழுத்தையும் கண்ணையும் உற்றுப் பார்த்துவிட்டு டாக்டரிடம் அழைத்துப் போனார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில்தான் உண்மை தெரிந்தது. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது.

தைராய்டு என்பது தொண்டைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தாற்போல் இருக்கும் ஒரு சிறிய சுரப்பி. உடம்பு என்கிற இயந்திரம் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதை அதில் ஊறும் நீர்தான் தீர்மானிக்கிறது. அது அதிகமாகச் சுரந்தால் முடுக்கிவிட்ட எஞ்சினைப் போல் உடம்பு ஓய்வில்லாமல் ஓடும். இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகம். மாதவிலக்கு மாறும், வயிறு அடிக்கடி போகும், சிலருக்குக் கண் பிதுங்கி நிற்கும், சிலருக்குக் கழுத்து வீங்கும். ஆண்களில் சிலருக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்து எழுந்தால் காலே எழும்பாமல் போவதும் உண்டு. கவனிக்காமல் விட்டால் இருதயம் தாளம் தப்பித் துடிக்கும். பிறகு இருதயமே பலவீனப்படும். இது பேயுமல்ல, பிசாசுமல்ல. மருந்துக்குக் கட்டுப்படும் வியாதி.

சரி, இதற்கான பெரிய டாக்டரை எங்கே தேடுவது? "கோலாலம்பூர் போகணும், ஆயிரக்கணக்கில் செலவாகும்" என்று பயந்து வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் நம்மில் பலர். அந்தப் பயம் தேவையில்லை.

பெரிய டாக்டரிடம் போகும் வழி சின்னக் கிளினிக்கில்தான் தொடங்குகிறது. பக்கத்து டவுனில் இருக்கும் கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கட்டணம் வேறு. அங்கே போய், "கை நடுங்குது, நெஞ்சு படபடக்குது, சாப்பிட்டும் இளைக்கிறேன்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் ஒன்றுக்கு மட்டும் மாத்திரை கிடைக்கும். தைராய்டு ரத்தச் சோதனை வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்பது குற்றமல்ல. பல கிளினிக்குகளில் குடும்ப மருத்துவ நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்களே வைத்தியத்தைத் தொடங்கிவிடுவதும் உண்டு.

நோய் கடுமை என்றால் 'சூராட் ருஜுக்கான்' என்கிற பரிந்துரைக் கடிதம் எழுதித் தருவார்கள். அந்தக் கடிதம்தான் அரசாங்க ஆஸ்பத்திரியின் நிபுணர் பிரிவுக்குச் சாவி. அங்கே குடிமக்களுக்கு 5 வெள்ளி. சுரப்பி நோய்களுக்கென்றே படித்த நிபுணரை மலாயில் 'பாக்கார் எண்டோக்ரின்' என்பார்கள். எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் அவர்கள் இருக்கமாட்டார்கள். அதற்காகக் கலங்க வேண்டாம். மாவட்ட ஆஸ்பத்திரியின் பொது மருத்துவ நிபுணர் முதலில் பார்ப்பார். தேவைப்பட்டால் பெரிய இடத்துக்கு அனுப்புவார். புத்ராஜெயா ஆஸ்பத்திரி இந்தச் சுரப்பி வைத்தியத்துக்குப் பெயர் பெற்றது.

தனியார் டாக்டரிடம் போக வசதியுள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் பலகையில் எழுதியதை மட்டும் நம்பிப் போகவேண்டாம். நிபுணர் என்று சொல்லிக்கொள்பவர் மலேசிய மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டில் இருக்க வேண்டும். படித்த பிள்ளைகளிடம் சொன்னால் கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. இனிச் சொல்லப் போவதுதான் கசப்பானது.

அந்த அக்காளுக்குக் கடிதம் கிடைத்துவிட்டது, தேதியும் குறித்தாயிற்று. ஆனால் அவர் போகவில்லை. கடிதம் மைலோ டின்னுக்குள் பத்திரமாகத் தூங்கியது. "ஏன்க்கா போகல?" என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் நம் வாயை அடைத்துவிட்டது.

"தலைவரே, 5 வெள்ளி வைத்தியம்னு லேசா சொல்றீங்க. அன்னைக்குப் பெரட்டுக்குப் போகலைன்னா பேர் போச்சு. 65 வெள்ளி போச்சு. காடி வாடகை அது வேற. ஒரு தரம் போனா முடியுமா? மாசாமாசம் வரச் சொல்லுவாங்க. யாரு கொடுப்பா?"

கணக்கில் தப்பில்லை. 2025 பிப்ரவரி 1-இல் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை 26 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. ஆக, 5 வெள்ளி வைத்தியத்தைப் பெற ஓர் ஏழைத் தொழிலாளி 65 வெள்ளியை இழக்க வேண்டியிருக்கிறது. டாக்டர் மலிவு, நாள்தான் விலை அதிகம். நம்மவர்களை நிபுணரிடமிருந்து பிரித்து வைத்திருப்பது அறியாமை மட்டுமல்ல, இந்தக் கணக்கும்தான் என்பதை யார் மறுக்க முடியும்?

இங்கேதான் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60எஃப் பிரிவு சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பைத் தருகிறது. 2 வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்தில் 14 நாள். 2 முதல் 5 வருஷத்துக்குள் 18 நாள். 5 வருஷமும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு. மற்ற விடுப்பில் கழிக்க முடியாது. ஆனால் விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். தவறினால் சொல்லாமல் நின்றதாக எழுதிவிடுவார்கள்.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்து போனதற்குக் கொடுக்கும் நேரச் சீட்டு வேறு. மருத்துவ விடுப்புச் சீட்டு வேறு. நேரச் சீட்டு நாம் அங்கே இருந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். சம்பளத்தைக் காப்பாற்றுவது விடுப்புச் சீட்டு. நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, கத்தி பிடிக்க முடியாத நிலையில் இருப்பவர் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். "நான் மரம் வெட்டுற ஆள், மேடு பள்ளம் ஏறி இறங்கணும்" என்று சொன்னால்தானே அவருக்குப் புரியும்? சட்டை மடிப்புக் கலையாமல் போய் நின்றால் நம் வேலை என்னவென்று அவர் எப்படி அறிவார்?

நோய் கொஞ்சம் அடங்கியபின் வரும் மறுபரிசோதனை நாட்களுக்குச் சிலருக்கு நேரச் சீட்டுத்தான் கிடைக்கும். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு என்று கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும் என்பது நம் அழுத்தமான கருத்து. அரசாங்க நிபுணர் குறித்த தேதியில் போய் வந்தவருக்குப் பேர் வெட்டக்கூடாது. இது பிச்சையல்ல, நியாயம். கை நடுங்கும் தொழிலாளியால் மரமும் கெடுகிறது, பாலும் குறைகிறது. அவரை ஒரு நாள் டாக்டரிடம் அனுப்புவது நிர்வாகத்துக்கும் லாபமே. அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இதைத் தீர்மானமாக எழுதி அனுப்பட்டும்.

நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது. ஆஸ்பத்திரியில் நம்பர் எடுத்து, மலாய் மொழியில் பேசி, எந்தக் கதவு என்று தேடுவதற்குப் பயந்தே பலர் போவதில்லை. கமிட்டியில் ஒருவர் கூடப் போனால் என்ன குறைந்துவிடும்? அந்த அக்காளுடன் நாமே போனோம். கடிதத்தைக் காட்டிப் புதுத் தேதி வாங்க அரை மணி நேரம் ஆயிற்று, அவ்வளவுதான்.

மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதற்குப் பெரும்பாலும் கார்பிமசோல் மாத்திரை கொடுப்பார்கள். குணம் தெரியவே சில வாரங்கள் ஆகும். பலருக்கு ஒன்றரை வருஷம் வரை சாப்பிட வேண்டியிருக்கும். நடுக்கம் நின்றதும் மாத்திரையை நிறுத்துவது பெரிய தப்பு. மாத்திரை சாப்பிடும் நாட்களில் காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் 'சளிதானே' என்று விடாதீர்கள். அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போய் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் பிள்ளை வேண்டுமென்று நினைப்பவர்களும் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். புகை பிடிப்பவர்களுக்குக் கண் பாதிப்பு மோசமாகும். மருந்துக்கு அடங்காவிட்டால் கதிரியக்க அயோடினும் ஆபரேஷனும் இருக்கின்றன. எது பொருந்தும் என்று நிபுணர் சொல்லுவார். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

அந்த அக்காள் இப்போது மறுபடியும் பெரட்டில் நிற்கிறார். கை நடுங்குவதில்லை. மரத்தில் காயமும் இல்லை. ஆனால் மறுபரிசோதனைக்குப் போன இரண்டு நாள் சம்பளம் இன்னும் அவருக்கு வந்து சேரவில்லை. சங்கம் கேட்டுக்கொண்டிருக்கிறது, வரும்வரை கேட்கும்.

உங்கள் வீட்டு டின்னிலும் ஏதாவது கடிதம் தூங்குகிறதா? இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். தேதி கடந்திருந்தாலும் பரவாயில்லை. கமிட்டித் தலைவரிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்தே போவோம்.