முதலாண்டு உயிர்நூலும் ரிக்கார்டு நோட்டும்

உயிர்நூல் பயில நமது கலாசாலைக்கு வரும் முதலாண்டு மாணாக்கர்க்கு, முதல் நாளன்றே சில விதிகள் வாசிக்கப்படுகின்றன. வருகை நூற்றுக்கு 75க்குக் குறைதல் கூடாது; ஆய்வுக்கூடத்துள் வெள்ளை மேலங்கியின்றி நுழைதல் கூடாது; படங்கள் பென்சிலினாலேயே வரையப்படுதல் வேண்டும்; உறுப்புகளின் பெயர்கள் வலப்புறத்தே ஒரே நேர்கோட்டில் எழுதப்படுதல் வேண்டும்; ரிக்கார்டு நோட்டினை அட்டையிட்டுக் குறித்த நாளில் ஒப்புவியாதவர்க்குச் செய்முறைப் பரீட்சையில் இடமில்லை. இவற்றுள் எதனையும் நான் பழிக்க வரவில்லை. நூறு பேர் புழங்கும் கூடத்தில் ஒழுங்கு வேண்டுவதே. ஆயின் இவ்விதிகளுக்கெல்லாம் தலையாய விதி ஒன்று அப்பட்டியலில் இல்லை. கண்டதையே வரைக என்பதுதான் அது. சொல்லாமலே விளங்கும் விஷயத்தைச் சொல்வானேன் என்று ஆசிரியர் சிலர் கேட்கக்கூடும். விளங்கவில்லை என்பதற்கு ஆண்டுதோறும் அடுக்கப்படும் நோட்டுகளே சான்றாகும்.

வெங்காய வேரின் நுனியில் உயிரணுக்கள் பிரியும் முறையைக் காணும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். வெங்காயத்தை நீர் நிறைந்த குப்பியின் வாயில் அமர்த்தி வேர்விடச் செய்து, நுனிகளைக் காலையில் நறுக்கி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த நீர்மத்தில் இட்டுவைக்கிறோம். பின்னர் அவற்றை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மென்மையாக்கி, அசிட்டோகார்மைன் சாயமூட்டி, இலேசாகச் சூடு காட்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மெல்லிய கண்ணாடிச் சில்லினால் மூடி, மையொற்றுந் தாளை மடித்து மேலே வைத்துப் பெருவிரலால் அழுத்துகிறோம். சில்லு நழுவினால் எல்லாம் பாழ். நழுவாவிடினும், நுண்ணோக்கியில் முதலிற் காண்பவை காற்றுக் குமிழிகளும், ஒன்றன்மேலொன்று படிந்த உயிரணுக்களுமே. பெரும்பாலானவை பிரியாத நிலையில், உருண்டையான உட்கருவுடன் கிடக்கும். தகட்டை மெல்ல மெல்ல நகர்த்தித் தேடுபவனுக்கே, குரோமோசோம்கள் நடுவில் அணிவகுத்த ஓர் உயிரணுவோ, இரு புறமும் விலகிச் செல்லும் மற்றொன்றோ அகப்படும். அங்ஙனம் அகப்பட்டபோது உண்டாகும் மகிழ்ச்சியை அதனை அடைந்தவரே அறிவர்.

வெங்காயத்தின் உயிரணுவில் 16 குரோமோசோம்கள் உள்ளன. நடுநிலையில் அவை அவிழாத நூற்சிக்கல்போல் தோன்றும், எண்ணுதல் எளிதன்று. இனி நமது மாணாக்கரின் நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். ஏறத்தாழ எல்லாவற்றிலும் குரோமோசோம்கள் நான்கே! பதினாறு எவ்வாறு நான்காயின? பாடநூல் இயற்றியோர், விளங்க வைப்பதற்காக நான்கே வரைந்தனர். பாடநூலில் அது குற்றமன்று. அதனைப் பார்த்து முந்தின ஆண்டு மாணவன் வரைந்தான். அவன் நோட்டைப் பார்த்து இவ்வாண்டு மாணவன் வரைகிறான். இடையில் வெங்காயம் ஒன்று இருந்தது என்பதே மறந்துபோயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், பிறிதோரிடத்தில் நிகழ்ந்த செய்முறைப் பரீட்சை ஒன்றில் நான் உடனிருந்தேன். ஒரு மாணவி தன் நோட்டில் அந்நூற்சிக்கலை உள்ளவாறே வரைந்து, கீழே, "13 வரை எண்ண முடிந்தது, எஞ்சியவை ஒன்றன்மேலொன்று கிடக்கின்றன" என்று எழுதியிருந்தாள். அப்பக்கத்துக்குப் பத்துக்கு நான்கு கிடைத்தது. அடுத்த நோட்டில் நான்கு குரோமோசோம்கள் வாழைப்பழச் சீப்பென வண்ணம் பெற்று விளங்கின, அதற்கு ஒன்பது. பரீட்சகர் பொல்லாதவரல்லர். அறுபது நோட்டுகள் அவர்முன் அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்துக்குக் கால் நிமிஷத்துக்குமேல் செலவிட அவர்க்கு இயலாது. கால் நிமிஷத்தில் கண்ணுக்குப் புலப்படுவது அழகு, உண்மை புலப்படாது. ஆயினும் அம்மாணவி அன்று கற்றுக்கொண்ட பாடம் யாது? உயிர்நூலில் அவள் கற்றவை பிற்காலத்தில் மறந்துபோகலாம். இஃது மறவாதென்றே அஞ்சுகிறேன்.

இவ்வழக்கம் மாணாக்கரோடு நின்றுவிடுவதன்று. மனிதனுடைய உயிரணுவில் எத்தனை குரோமோசோம்கள் உள்ளன என்னும் வினாவின் வரலாறு யாவரும் அறியத்தக்கது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் சர்வகலாசாலையைச் சார்ந்த தியோபிலஸ் பெயின்டர் என்பார், 1921இல் எழுதியபோது, தெளிவாய் அமைந்த உயிரணுக்களில் 46 காண்பதாகவே குறித்தார். பின்னர் 1923இல் 48 என்று முடிவு கட்டினார். அந்நாளில் திசுவை மெல்லிய சீவல்களாக நறுக்கிப் பார்ப்பதே முறையாதலின், நெருங்கிக் கிடந்தவற்றைப் பிரித்தெண்ணுதல் அரிது. ஆகவே அவரைக் குறை கூறுதல் தகாது. வியப்பு யாதெனில், அதன்பின் முப்பது ஆண்டுகளுக்குமேல் 48 என்பதே பாடநூல்களில் நிலைத்துவிட்டமை. 1956இல், ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரில் ஆய்ந்த ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும், வளர்ப்பிலிட்ட நுரையீரல் உயிரணுக்களை உப்புச்செறிவு குறைந்த நீர்மத்தில் ஊதச் செய்து, குரோமோசோம்கள் விலகி நிற்கும்படி அழுத்தி எண்ணி, 46 என்று வெளியிட்டனர். அவர்கள் கட்டுரையில் ஒரு செய்தி உண்டு. மனித ஈரலின் உயிரணுக்களை ஆராய்ந்த வேறொரு குழுவினர், முன்னரே 46ஐப் பன்முறை எண்ணியிருந்தும், 48 அகப்படாமையால் தம் ஆய்வைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தனராம். கண்ணெதிரே 46 இருந்தது; நூலிலோ 48 இருந்தது; வென்றது நூலே. நம் மாணாக்கரின் நான்கு குரோமோசோம்களுக்கும் இதற்கும் வேற்றுமை அளவில்தான் உண்டு, இயல்பில் இல்லை.

நேரே எண்ணிப் பார்த்தலையே வாழ்நாட் பணியாகக் கொண்டோர் நம்மிடையும் இருந்தனர். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கலாசாலையில் ஆசிரியையாயிருந்து பின்னர் மிச்சிகன் சென்று பட்டம் பெற்ற ஜானகி அம்மாள், கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்தவர். டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார். அத்தகைய நூலில் ஓர் எண் அச்சேற, யாரோ ஒருவர் எங்கோ ஒரு தகட்டின்முன் பொறுமையுடன் அமர்ந்திருக்க வேண்டும் அன்றோ?

இது நோட்டுப் புத்தகச் செய்திதானே, இதற்கு இத்தனை பேச்சா என்பார் உண்டு. நமது வகுப்புகளிலிருந்து வெளியேறுவோரிற் பலர் ஆஸ்பத்திரிகளின் சோதனைக்கூடங்களில் அமர்கின்றனர். மலேரியாக் காய்ச்சல் என ஐயுற்ற ஒருவரின் இரத்தத் தகட்டில் கிருமி இல்லை என்று எழுதுமுன், நூறு காட்சிப்புலங்களேனும் பார்த்தல் வேண்டும் என்பது முறை. பத்தில் நிறுத்திவிட்டு "இல்லை" என்று எழுதினால் அறிபவர் யார்? காணாததைக் கண்டதாக எழுதும் பழக்கத்துக்குப் பதினேழு வயதிலேயே நாம் ஒன்பது மதிப்பெண் கொடுத்து வளர்த்துவிட்டோமானால், இருபத்தைந்தாம் வயதில் அதனைக் கடிவதற்கு எந்த விதியும் உதவாது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. ரிக்கார்டு நோட்டின் படம் ஆய்வுக்கூடத்திலேயே, நுண்ணோக்கியின் அருகிலேயே வரையப்படுதல் வேண்டும். மணி அடிக்குமுன் ஆசிரியர் அதில் கையொப்பமிடுதல் வேண்டும். வீட்டிற் சென்று "நல்ல பிரதி" எடுக்கும் வழக்கம் அறவே நீங்குதல் வேண்டும். பொய் நுழையும் வாயில் அதுவே. படம் கோணலாயிருப்பின் இருக்கட்டும். நாம் ஓவியர்களைப் பயிற்றுவிக்கவில்லை. தகடு பாழாயிற்றெனில், பாழாயிற்று, இன்ன காரணத்தால் என்று எழுதுபவர்க்கு அப்பயிற்சியின் மதிப்பெண்ணில் பெரும்பங்கு உண்டு என முதல் நாளே அறிவித்தல் வேண்டும். அறிவித்தால்தான் நம்புவர், கொடுத்தால்தான் முற்றிலும் நம்புவர்.

படத்தோடு எண்ணிக்கை ஒன்றையும் கேட்கலாம். ஒவ்வொருவரும் தம் தகட்டில் நூறு உயிரணுக்களை எண்ணி, அவற்றுள் பிரியாதவை எத்தனை, பிரிவின் ஒவ்வொரு நிலையிலும் உள்ளவை எத்தனை என்று குறிக்கட்டும். நாற்பது பேர் எண்ணியதைக் கரும்பலகையில் சேர்த்தால் நாலாயிரம் உயிரணுக்களாகும். எந்நிலையில் மிகுதியாகக் காண்கின்றனவோ, அந்நிலை நெடுநேரம் நீடிக்கிறது என்று வகுப்பே கண்டுகொள்ளும். இவ்வெண்கள் ஒருவருக்குள்ளதுபோல் மற்றொருவருக்கு இரா. இரண்டு நோட்டுகளில் எல்லா எண்களும் ஒத்திருப்பின் பரீட்சகருக்குக் கால் நிமிஷமே போதும்.

நுண்ணோக்கிகள் போதாவே என்பது மெய்யான தடை. ஒரு கருவியை நால்வர் பங்கிடுமிடத்தில் மேற்சொன்னவை கைகூடா. அதற்குப் பரிகாரம் பயிற்சிகளின் தொகையைக் குறைப்பதே. ஒரு பருவத்தில் இருபது பயிற்சிகளை ஓட்டமாய் ஓடி முடிப்பதினும், எட்டினைச் செவ்வையாய்ச் செய்து முடித்தல் நன்று. இதற்குப் பாடத்திட்டக் குழுவின் இசைவு வேண்டும். நமது கலாசாலை தன்னாட்சி பெற்றதாதலின், அக்குழுவில் அமர்ந்திருப்போர் நம் ஆசிரியர்களே.

வராதவரைப் பற்றியும் ஒரு சொல். இப்பொழுது ஒரு செய்முறை வகுப்புக்கு வாராதவன், தோழனின் நோட்டைப் பெற்று ஓரிரவில் பக்கத்தை நிரப்பி ஒப்புவிக்கிறான். அதனை ஏற்கவும் செய்கிறோம். மாறாக, நோய் முதலிய காரணத்தால் வாராதவர்க்கென மாதம் ஒரு பிற்பகல் கூடத்தைத் திறந்துவைத்து, தகட்டை அவர்களே செய்து பார்க்க விடுதல் வேண்டும். அப்பொழுதும் வாராதவரின் பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும். வெறும் பக்கமும் ஒருவகையில் மெய்யான பதிவே. ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வரும் மாணாக்கர்க்கு 75 என்னும் எண் கடுமையாயிருத்தலை நான் அறிவேன். அவர்களுக்கு அந்தப் பிற்பகல், அபராதம் கட்டி வருகைக் குறைவை மன்னிக்கப்பெறுவதினும் மிக்க பயன் தரும்.

2014இல் பல்கலைக்கழக மானியக் குழு, விலங்குகளை அறுத்துப் பார்க்கும் பயிற்சிகளைக் கைவிடுமாறு பணித்தது. தவளையும் கரப்பானும் தட்டுகளினின்று விடுதலை பெற்றன. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவற்றின் இடத்தைச் சுவர்ப்படங்களும் கணினித் திரைகளும் பெற்றிருத்தலால், மாணவன் படத்தைப் பார்த்துப் படம் வரைவது முன்னினும் பெருகிற்று. உயிருள்ள பொருளைத் தன் கண்ணாலேயே காணும் வாய்ப்பு வெங்காய வேர், குளத்து நீர், கன்னத்தின் உட்புறச் சவ்வு, இலையின் தோல் எனச் சிலவாகச் சுருங்கிவிட்டது. இச்சிலவற்றிலேனும் நாம் கண்டிப்பாயிருத்தல் கூடாதா?

வரும் ஜூனில் புதிய மாணாக்கர் வருவர். வழக்கமான விதிகளோடு இதனையும் சேர்த்து வாசிக்குமாறு தாவரவியல், விலங்கியல் துறையினரை வேண்டுகிறேன். எல்லாப் பயிற்சிகளுக்கும் ஒருங்கே இயலாதெனின், வெங்காய வேரொன்றில் மட்டும் முதற் பருவத்தில் நடத்திப் பார்க்கலாம். வேண்டிய சாயமும் தகடுகளும் அலமாரியில் உள்ளன. வெங்காயம் விடுதிச் சமையற்கூடத்தில் கிடைக்கும்.