குடத்துக்குள் ஒரு சூரியன்

1955-ம் வருஷம் ஜினீவா நகரில் அணுசக்தி மகாநாடு ஒன்று கூடிற்று. அதற்குத் தலைமை வகித்தவர் நமது டாக்டர் ஹோமி பாபா. அணுக்கருச் சேர்க்கையை மனிதன் இன்னும் இருபது வருஷங்களுக்குள் வசப்படுத்தி விடுவான் என்றும், பிறகு எரிபொருள் கவலையே இராது என்றும் அவர் சொன்னார். இருபது வருஷம் சென்றது, எழுபதும் சென்றது. சூரியன் இன்னும் கைக்கு அகப்பட்டபாடில்லை!

சூரியனில் எரிவது விறகுமல்ல, கரியுமல்ல. ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து ஹீலியமாகின்றன. அப்போது சிறிதளவு பொருள் மறைந்து சக்தியாக வெளிப்படுகிறது. கடல் நீரிலுள்ள டியூட்டீரியத்தையும், லிதியத்திலிருந்து பெறக்கூடிய டிரிட்டியத்தையும் கொண்டு பூமியில் இதைச் செய்யலாம். ஆனால் 15 கோடி டிகிரி உஷ்ணம் வேண்டும். இது சூரியனின் மையத்தில் உள்ளதைப் போல் பத்து மடங்கு!

இதைத் தாங்கும் பாத்திரம் ஏது? காந்த சக்தியே பாத்திரம். சுவரில் படாமல் கனல் வாயுவை வளையமாக நிறுத்தி வைக்கும் இந்த யந்திரத்துக்கு 'டோகமாக்' என்று பெயர். பிரான்ஸ் தேசத்துக் கடராஷில் இந்தியா உள்ளிட்ட ஏழு கூட்டாளிகள் 'ஐட்டர்' என்ற மிகப் பெரிய டோகமாக்கை நிர்மாணித்து வருகிறார்கள். அதன் காந்தங்களோ பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். அந்தக் குளிரைக் காக்கும் வெளிக் குடம், சுமார் 30 மீட்டர் உயரமும் 3,850 டன் எடையும் உள்ளது. அது இந்தியாவின் பங்கு. அதன் பாகங்கள் குஜராத்தில் ஹஜீராவில் உருவாகிக் கப்பலேறின.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோரில், லேஸர் ஒளியால் 2.05 மெகாஜூல் செலுத்தி 3.15 மெகாஜூல் பெற்றார்கள். மெய்தான், ஆனால் அந்த லேஸரை இயக்க மட்டும் சுமார் 300 மெகாஜூல் மின்சாரம் செலவாயிற்று. ஐட்டரின் நோக்கம் 50 மெகாவாட் உஷ்ணம் கொடுத்து 500 மெகாவாட் பெறுவது. அதுவும் பரிசோதனையே, மின்சாரம் தராது. முழு எரிபொருளுடன் அது இயங்குவது 2039-ல் என்று 2024-ம் வருஷத்துத் திட்டம் கூறுகிறது.

அப்படியானால் இது வீண் செலவா? இன்றைய அடுப்புக்கு இதை நம்பியிருக்கலாகாது. வெயிலையும் காற்றையும் கொண்டு மின்சாரம் எடுக்கும் வேலை ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. ஆயினும் பனை விதைப்பவன் தனக்காகவா விதைக்கிறான்? காந்திநகருக்கருகில் 1989-ல் தொடங்கிய 'ஆதித்யா' டோகமாக்கில் நம் விஞ்ஞானிகள் இந்த வித்தையைப் பயின்று வந்திருக்கிறார்கள். குடம் செய்து கொடுத்தோம், பெருமைதான். விளக்கேற்றும் வித்தையும் நமக்குக் கைவந்தால்தான் அந்தப் பெருமை நிலைக்கும்.