எந்த நட்சத்திரம்?

குழந்தை பிறந்தவுடன் நட்சத்திரம் பார்ப்பதில் நம் ஜனங்களுக்குள்ள கவலை, அக்குழந்தையைக் கொண்டுபோய் விடுகின்ற இடத்தைப் பார்ப்பதில் இருப்பதில்லை. ஜோசியனுக்குத் தட்சணை கொடுத்து அசுவினியா, பரணியா என்று கேட்டறிகின்ற தகப்பன், தன் தெரு அங்கன்வாடியில் குடிதண்ணீர் இருக்கிறதா, கக்கூசு இருக்கிறதா என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்ததுண்டா என்று கேட்கின்றோம்.

அமெரிக்காவில் ஒக்லஹோமா மாகாணத்தார் 1998-ல் வேறுவிதமான நட்சத்திரத்தை ஏற்படுத்தினார்கள். குழந்தைக் காப்பகங்களைச் சோதித்து, ஆசிரியைகளின் பயிற்சி முதலியவைகளைக் கவனித்து, இதற்கு இத்தனை நட்சத்திரம் என்று தரம் போட்டார்கள். இதற்குப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை. கண்ணும் கணக்கும் போதும். நல்ல காரியமே. ஆனால் அதிலும் ஒரு கோணல் உண்டு. உயர்ந்த தரம் பெற்ற காப்பகத்துக்கே, ஏழைக் குழந்தைகளுக்காகச் சர்க்கார் கொடுக்கும் தொகை அதிகம். பணமிருந்தால் நல்ல ஆசிரியை. ஆசிரியை இருந்தால் நட்சத்திரம். நட்சத்திரம் இருந்தால் மேலும் பணம். ஒன்றுமில்லாதவன் எங்கே ஆரம்பிப்பது?

நம் புதுச்சேரிக்கு வருவோம். இந்திய சர்க்கார் 1975 அக்டோபர் 2-ல் ஆரம்பித்த திட்டத்தின்படியே இங்கும் அங்கன்வாடிகள் நடக்கின்றன. மூன்று வயதுக்கு மேல் 20 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்குக் கீழே 10 குழந்தைகளுக்கு ஒருவர் வேண்டுமென்று 2013-ம் வருஷத்துக் கொள்கை சொல்லுகிறது. 2021 முதல் குழந்தையின் எடையும் உயரமும் செல்போன் வழியாக மேலிடத்துக்குப் போகின்றன. போகட்டும். பெற்றவள் படிக்கும்படி அங்கன்வாடி வாசலிலும் இவற்றை எழுதிப் போட்டால் என்ன நஷ்டம்?

முத்தியால்பேட்டையில் காசுள்ளவன், தரம் குறைந்த இடத்தை விட்டு வேறிடம் தேடிப் போய்விடுவான். பாகூர்ப் பக்கத்துக் கூலிக்காரிக்கு இருப்பதோ ஒரே அங்கன்வாடி. அதன் கதவில் ஒற்றை நட்சத்திரத்தை ஒட்டிவிட்டால் அவள் எங்கே போவாள்? ஆகையால் குறைந்த தரம் என்பது தாய்க்கு எச்சரிக்கையாக இருந்தால் போதாது. இத்தனை நாளைக்குள் கூரையும் ஆளும் கொடுக்கக்கடவது என்று சர்க்காருக்குப் பிறந்த உத்தரவாக இருக்க வேண்டும். அங்கே வேலை செய்கிற பெண்ணின் தலையில் பழியைப் போடுவதும் கூடாது. இந்தியாவின் பல பாகங்களில் அவளுக்குக் கிடைப்பது சம்பளமல்ல, மதிப்பூதியம். பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு வர வேண்டியிருந்தது.

தரம் போடுகிறவர்கள் இன்னொன்றையும் எழுதிக்கொள்ளட்டும். எல்லாக் குழந்தைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்கின்றனவா? சமைக்கிறவள் என்ன ஜாதி என்று விசாரித்துப் பிள்ளையைத் திருப்பி அழைத்துப் போகிற தகப்பன்மார்களுக்கு எத்தனை நட்சத்திரம் என்பதும் அப்போது ஊருக்குத் தெரிந்துவிடும்.