வயிறு நிறைந்தால் போதுமா?



கருவுற்ற தாய் உண்டாளா என்று கேட்கிறோம். என்ன உண்டாள் என்று கேட்கிறோமா? பசியை அளக்கப் படி உண்டு. சத்தை அளக்க எது உண்டு?

ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டியில் எளியதோர் அளவுகோல் உண்டு. தானியமும் கிழங்கும், பருப்பு, கொட்டைகள், பால், மீனும் இறைச்சியும், முட்டை, கரும்பச்சைக் கீரை, வைட்டமின் ஏ மிகுந்த காய்கனி, பிற காய், பிற கனி என உணவு பத்து வகை. முந்திய ஒரு நாளில் ஐந்து வகையேனும் உண்டால்தான் குறைந்தபட்சம் எட்டியதாகும்.

இனி, ஏழைத்தாயின் இலையைப் பாருங்கள்! காலையில் பழைய சோறு. பகலில் சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும். இரவில் சோறும் உருளைக்கிழங்கும். வயிறு நிறைந்தது, வகையோ இரண்டே! அரிசியும் கிழங்கும் ஒரே வகை அல்லவா?

2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் கருவுற்ற தாய்க்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் வகுத்தது. 2023-லேதான் பல்வகை உணவு அதன் அட்டவணையில் ஏறியது. ஏட்டில் ஏறியது இலையில் ஏறிற்றா?

இந்தியாவில் கருவுற்ற பெண்களிடையே இரத்தசோகை 2015-16-ல் 50.4 விழுக்காடு, 2019-21-ல் 52.2! உணவு மட்டுமே காரணமன்று. ஆனால் உணவின்றித் தீர்வுமில்லை.

விலையில்லா அரிசி பெரும்பேறு. அதைப் பழிப்போர் பசியறியாதார். ஆயினும் அது தொடக்கமே, முடிவன்று.

ஒன்று மறவாதீர்! இந்த அளவுகோல் ஊரை அளக்க; ஒருத்தியைக் குற்றஞ்சாட்ட அன்று. "ஏன் கீரை உண்ணவில்லை?" என்று அவளைக் கேளாதீர். கூலி எவ்வளவு, முட்டை விலை என்ன, வீட்டில் கடைசியாக உண்பவர் யார் என்று கேளுங்கள்!

பத்து விரல் போதும், இக்கணக்கெடுக்க. எடுங்கள், ஆள்வோர் முன் வையுங்கள்!