தனிமரம் காய்க்குமா?

தனிமரம் தோப்பாகாது என்னும் பழமொழியை மனிதரைக் குறித்துச் சொல்லியதாகவே நாம் கொள்கிறோம். மரங்களுக்கும் அது பொருந்துவதை இத்திங்கள் நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஆனி, ஆடித் திங்களில் சாலைக் கடைத்தெருவில் நடப்போர், ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்திருக்கக் காண்பர். ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே வறண்ட மண்ணில் பிறந்த நம்மவர் பலருக்கு இவை புதுமையான கனிகள். மலாய் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த இவை, இரு பருவமழையும் பெறும் திருவனந்தபுரத்தில் நன்கு வளர்கின்றன. விலையைக் கேட்டபின், "வீட்டுக் கொல்லையிலேயே வளர்த்தால் என்ன?" என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும், உண்ட பழத்தின் விதையை ஊன்றிக் காத்திருப்போர் பலர் ஏமாற்றம் அடைகின்றனர். அதன் காரணத்தை அறிவது நலம்.

ரம்புட்டான் விதையில் எழும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆண்மரமாகிவிடும். அது பூக்கும், காய்க்காது. பூக்கும் வரையில் ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. ஆதலின், நற்கனி தரும் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றையே நடவேண்டும். வெண்ணெய்ப்பழத்தின் மலரோ இருமுறை விரிகிறது: முதலில் பெண்ணாக, மறுநாள் ஆணாக. ஒருவகை மரத்தில் பெண்நிலை காலையிலும், மற்றொரு வகையில் பிற்பகலிலும் வரும். இருவகையும் அருகருகே நின்றால் காய்ப்பு மிகும். துரியன் மரங்கள் பலவும் பிற மரத்தின் மகரந்தத்தையே நாடுகின்றன.

மங்குஸ்தான் மட்டும் விலக்கு. அதன் விதை மகரந்தச் சேர்க்கையின்றியே உண்டாவதால் கன்று தாயைப் போன்றே அமையும். ஆனால் விதை விரைவில் முளைக்கும் திறனை இழக்கும். கனி காண ஏழெட்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். இலிச்சிக்குக் குளிர்காலம் வேண்டும். அதை இக்கடற்கரை நகரில் நடுவது வீண்முயற்சி.

இவ்வருமைகளை உணர்ந்தே பிற நாட்டார் சங்கங்கள் அமைத்தனர். அமெரிக்காவின் மயாமி நகரில் 1955-ஆம் ஆண்டிலும், கலிபோர்னியாவில் 1968-ஆம் ஆண்டிலும் அரிய பழ வளர்ப்போர் சங்கங்கள் தோன்றின. ஒட்டுக்குச்சிகளைப் பகிர்வதும், எம்மரம் எவ்விடத்தில் காய்த்தது எனக் குறித்து வைப்பதும் இத்தகைய சங்கங்களின் பணி. நம் பக்கத்தில், நீலகிரிச் சரிவிலுள்ள பர்லியாறு, கல்லாறு அரசுப் பண்ணைகள் மங்குஸ்தானையும் துரியனையும் நெடுங்காலமாகப் பேணி வருகின்றன.

நம் குடும்பங்களுக்கோ வேறொரு தயக்கமும் உண்டு. "வாடகை வீடு, மூன்றாண்டில் மாற்றல் வரும். நாம் நட்டு யார் உண்பது?" என்பர். கரமனை, வலியசாலைத் தெருக்களில் சொந்த வீடுடையோர்க்கும் கொல்லை குறுகியதே. இரு பெருமரங்களுக்கு இடமிராது. இவ்விரு குறைகளுக்கும் மருந்து ஒன்றே. நாலைந்து குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேரட்டும். ஒரு கொல்லையில் ஒருவகை வெண்ணெய்ப்பழ மரமும், அடுத்த கொல்லையில் மறுவகையும் நிற்கலாம். இடமில்லாதோர் கன்றின் விலையையும் உழைப்பையும் தரலாம். விளைவில் யாருக்கு எப்பங்கு என்பதை நடும் நாளிலேயே எழுதி வைத்தல் வேண்டும். மரம் காய்த்தபின் பேசினால் நட்பு கெடும். மாற்றலாகிச் செல்வோரின் பங்கு, புதிதாக வரும் குடும்பத்தைச் சேரட்டும். அவ்வாறாயின், சென்ற ஊரிலும் வேறொருவர் நட்ட மரம் அவர்களுக்குக் கனி தரக்கூடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் உறவினரிடம் விதையோ கன்றோ கொணரச் சொல்லாதீர்கள். புதிய பூச்சிகளும் நோய்களும் நுழையாதிருக்க, 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணை அதற்கு முன்னனுமதி கோருகிறது. 1955-ஆம் ஆண்டு தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி நம் அருகே வெள்ளாயணியிலேயே உள்ளது. ஐயங்களை அங்கே கேட்டறியலாம்.

இடவப்பாதி மழை பிடிக்குமுன் குழி எடுத்துத் தொழுவுரம் இட்டு வைத்தல் நன்று. அதற்குமுன், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, அவர் கொல்லையில் என்ன மரம் நிற்கிறது என்று கேளுங்கள்.